ஹெல்மெட்டின் அடியில் ஓர் ஊர்

அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊர் சொல்லித்தான் கூப்பிடுவார். அச்சில் மண்கூழ் ஊற்றுகிற ஆள் பெண்ணாடம். பொம்மைகளைப் பளபளப்புக்காகக் கிளேஸில் முக்கி எடுக்கிற பெண் ஸ்ரீமுஷ்ணம். வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்குகிற இருவரும் ஒரே ஊர்க்காரர்கள் என்பதால் ஒருவர் கருவேப்பிலங்குறிச்சி, மற்றவர் சின்னக் கருவேப்பிலங்குறிச்சி. நான் திட்டக்குடி. என் பெயரோடு செய்தித்தாளில் ஒரு கட்டுரை வந்தபோதுகூட அவர், "திட்டக்குடி எழுதியிருக்குது, பாருங்க" என்றுதான் பக்கத்துக் கம்பெனிக்காரர்களிடம் காட்டினார்.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் கடைசி வரிசையில் இருந்தது அந்த அம்மாவின் கம்பெனி. ஒரு கொட்டகை, ஒரு சூளை, மழைக்குத் தார்ப்பாய் போட்ட ஒரு மண்குவியல். யானை, மயில், அகல்விளக்கு, கொலுவுக்குச் செட்டியார் பொம்மை எல்லாம் அங்கே உருவாகும். இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நான் அந்த ஊரில் நிருபராக இருந்தேன். செய்தி இல்லாத நாட்களில் தொழிற்பேட்டைப் பக்கம் போனால் ஏதாவது கிடைக்கும். செய்தி கிடைக்காவிட்டாலும் டீ கிடைக்கும்.

புதிதாக வருகிற எவரிடமும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "எந்த ஊரு?" பதில் சரியாக வராவிட்டால் அடுத்த பேச்சுக்குப் போகமாட்டார். ஒருமுறை மின்சார மீட்டரைச் சோதிக்க ஓர் இளம் அதிகாரி வந்தார். நான் அப்போது அங்கே இருந்தேன். அதிகாரி சென்னை என்றார்.

"இப்ப இருக்குறத கேக்கல. அதுக்கு முன்னால?"

"பொறந்ததே சென்னைதாங்க."

"அப்பா?"

"அவரும்தான்."

"அவரோட அப்பா?"

தாத்தா உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஏதோ ஓர் ஊர் என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள், பெயர் தெரியாது என்றார் அதிகாரி. இவர் விடவில்லை. எந்த பஸ் போகும், ஏரி உண்டா, கோயிலில் என்ன சாமி என்று வரிசையாகக் கேட்டார். கடைசியில் அந்த இளைஞர் தன் அப்பாவுக்குச் செல்போனில் பேசி ஊர்ப் பெயரைக் கேட்டுச் சொன்ன பிறகுதான் மீட்டர் அறையின் சாவி அவர் கைக்கு வந்தது. மீட்டர் சரியாக இருந்தது. அடுத்த முறை வந்தபோது, தாத்தாவின் ஊருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வந்ததாக அவரே சொன்னார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்றும் சொன்னார்.

"இருக்குதுல்ல? அது போதும்" என்றார் இவர்.

இவருடைய ஊர் இல்லை. இலுப்பங்கொல்லை என்று பெயர். பழுப்பு நிலக்கரி எடுப்பதற்காக முதலில் காலி செய்யப்பட்ட ஊர்களில் ஒன்று. அப்போது இவர் சின்னப் பெண். மாட்டு வண்டியில் நெல் மூட்டைக்கு மேல் உட்கார்ந்து வந்தது நினைவிருக்கிறது என்பார். அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. என்னிடம் ஒரே ஒருமுறை, வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தபோது சொன்னார்: "வாசக்காலப் பேத்து வண்டியில ஏத்துனாங்க. வாசக்கால் போனப்புறம் நாங்க வூட்டுக்குள்ள நிக்கிறமா, வெளிய நிக்கிறமான்னு தெரியல."

அதற்காகச் சுரங்கத்தின் மேல் அவருக்குக் கோபம் என்று நினைத்தால் தவறு. அவருடைய அண்ணன் அங்கேதான் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். யாராவது சுரங்கத்தைத் திட்டிப் பேசினால் இவருக்குப் பிடிக்காது. மண்ணரைக்கிற மோட்டார் எந்தக் கரண்டில் ஓடுகிறது என்று கேட்பார். அவருடைய குறை வேறு. மற்ற எல்லாரையும் ஊர் கேட்கிறவரிடம் சிலர் திருப்பிக் கேட்பதுண்டு, நீங்க எந்த ஊரு என்று. இவர் சொல்வார். அது எங்கே இருக்குது என்பார்கள். பேச்சு அந்த இடத்தில் நின்றுவிடும். ஒருவரும் அதற்கு மேல் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது?

அதனால்தானோ என்னவோ, அவர் கம்பெனியில் செய்த ஒவ்வொரு பொருளின் அடியிலும் இலுப்பங்கொல்லை என்று இருக்கும். சூளையில் தட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் பீங்கான் பொருளின் அடியில் கிளேஸ் பூசமாட்டார்கள். அந்த இடம் மட்டும் வெறும் மண்ணாக, சொரசொரப்பாக இருக்கும். பொம்மை பாதி காய்ந்திருக்கும்போது சின்ன மரமுத்திரையால் அந்த இடத்தில் ஓர் அழுத்து அழுத்துவார். நிலக்கரிக்கு மேலே படிந்திருக்கும் வெள்ளைக் களிமண்தான் விருத்தாசலத்துப் பீங்கானுக்கு மூலப்பொருள். சுரங்கத்தில் அதை வெட்டியெடுத்து லாரியில் அனுப்புவார்கள். சுரங்கத்து மண் என்றால் தன் ஊர் மண் என்பது அவர் கணக்கு. அந்த முத்திரையைப் பார்த்துப் பண்ருட்டிக் கடைக்காரர் ஒருவர் இலுப்பங்கொல்லை என்பது கம்பெனியின் பெயர் என்றே நினைத்திருந்தார். போனில், "இலுப்பங்கொல்லை யானை ரெண்டு பெட்டி அனுப்புங்க" என்பார். இவர் திருத்தவில்லை. ஒருத்தர் வாயால அந்தப் பேரச் சொல்றாரே என்பார்.

சீனாவிலிருந்து பொம்மைகள் வந்து கடைகளை நிறைக்கத் தொடங்கியிருந்த சமயம் அது. தொழிற்பேட்டையில் சில கொட்டகைகள் பூட்டிக் கிடந்தன. இவருடைய சூளையும் முன்புபோல் அடிக்கடி எரியவில்லை. அப்படி ஒரு மழைக்கால முன்பகலில் ஓய்வுபெற்ற சுரங்க அலுவலர் சங்கத்தின் செயலாளர் வந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருந்த, நிதானமாகப் பேசுகிற மனிதர். அவர் செட்டியூர் என்று தெரிந்து, அந்த ஊர் எங்கே இருக்கிறது என்பதும் விளங்கிய பிறகு, பேச்சு தொடங்கியது.

நாட்டின் சுரங்கத் தொழிலை உருவாக்கிய முன்னோடிகளையும் அதைத் தலைமையேற்று நடத்தியவர்களையும் அழைத்து மரியாதை செய்யப்போகிறோம் என்றார் செயலாளர். முதல் துளை போட்டவர்கள், நிலத்தடி நீரோடு மல்லுக்கட்டி அதை வெளியேற்ற வழி கண்டவர்கள், முதல் இயந்திரத்தை ஓட்டியவர்கள் எல்லாரும் வருவார்கள். வயதானவர்கள், இன்னொரு முறை இப்படிக் கூட்ட முடியுமோ தெரியாது. வழக்கமான பித்தளைக் கேடயம் வேண்டாம், சுரங்கத்து மண்ணிலேயே ஒரு நினைவுப் பரிசு செய்து தர முடியுமா? சிறப்பாக அமைந்தால் ஆண்டுதோறும் வாங்குவோம்.

நல்ல யோசனை என்றார் இவர். மேம்போக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே அவருக்கு அது பிடித்திருந்தது. ஒரு வாரத்தில் மாதிரி செய்தார். உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளை ஹெல்மெட், ஒரு வட்டப் பீடத்தின் மேல். செயலாளர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.

"இட்லிப் பானை மூடி மாதிரி இருக்குதுங்களே."

பெண்ணாடம் சிரித்துவிட்டார். இவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் ஹெல்மெட்டின் நடுவில் ஒரு வரப்பும் முன்னால் ஒரு விளக்கும் வந்தன. பீடத்தின் முகப்பில் பரிசு பெறுபவரின் பெயரை நீல எழுத்தில் எழுத இடம் விட்டிருந்தார். இந்த முறை செயலாளருக்குத் திருப்தி. விருத்தாசலத்தில் பீங்கானைக் கையில் எடுக்கிற எல்லாரும் செய்கிறதை அவரும் செய்தார். கவிழ்த்துப் பார்த்தார்.

முத்திரையை விரலால் தடவிப் படித்தார். பிறகு, அடியில் எதுவும் வேண்டாம் என்றார். இவர் காரணம் கேட்டார்.

"மேடையில ஒக்காரப் போறவங்கள்ல சில பேரு அந்தக் காலத்துல நெலத்த அளந்தவங்கம்மா. தள்ளாத வயசுல கூப்புட்டு மரியாதை பண்றோம். குத்திக் காட்டுன மாதிரி ஆயிடும்."

"குத்திக் காட்டுறதா இருந்தா மேல எழுதமாட்டனா? அடியில எதுக்கு எழுதுறேன்?"

"யாராவது திருப்பிப் பாப்பாங்கம்மா."

"பாக்கட்டுமே. முன்னால போனவங்களுக்குத்தான மரியாதை பண்றீங்க? எங்க ஊருதாங்க எல்லாருக்கும் முன்னால போச்சு."

கொட்டகைக்குள் வேலை நின்றிருந்தது. பெண்ணாடம் கையில் கூழ்க் குவளையோடு இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆர்டர் போனால் பொங்கல் வரைக்கும் சூளைக்கு வேலையில்லை என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். இவருக்கும் தெரியும். மாதிரி ஹெல்மெட்டை வாங்கித் துணியால் துடைத்து மேசைமேல் வைத்தார்.

"மேல ஒங்களுது. யாரு பேரு வேணுமோ எழுதித் தரேன். அடி என்னுது. வேணான்னா சொல்லுங்க, இந்த வரிசையில இன்னும் நாலு கம்பெனி இருக்குது. நல்லா பண்ணுவாங்க. நானே கூட்டிட்டுப் போய் விடறேன்."

செயலாளர் டீயைக் குடித்து முடித்தார். எதிலும் அவசரப்படாத மனிதர். போட்டுக்குங்க என்றார் கடைசியில். செருப்பைப் போட்டுக்கொண்டு படியில் இறங்கியவர் திரும்பி, குத்தலாக இல்லாமல், தெரிந்துகொள்வதற்காகக் கேட்பதுபோல் ஒன்று கேட்டார்.

"இது இலுப்பங்கொல்லை மண்ணுதான்னு ஒங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"சுரங்கத்து மண்ணுதானங்க?"

"சுரங்கம் ஒரே எடத்துல நிக்காதும்மா. நகந்துகிட்டே போவும்."

அவர் போய்விட்டார். வேலை தொடங்கியது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதால் எதுவும் காயவில்லை. ஈரத்தோடு சூளையில் வைத்தால் வெடித்துவிடும். ஹெல்மெட்டுகளைச் சூளைச் சுவரை ஒட்டி அடுக்கி, மின்விசிறி வைத்து, மணிக்கொரு தரம் திருப்பி வைத்துக் காயவிட்டார்கள். முதல் சூளை பிரித்தபோது நான் இருந்தேன். ஒன்றில்கூட விரிசல் இல்லை. மேலே கண்ணாடிபோல் வெள்ளை, அடியில் இலுப்பங்கொல்லை. பெண்ணாடம் ஒன்றை எடுத்துச் சுண்டிப் பார்த்துவிட்டு என் காதருகே கொண்டுவந்து மறுபடி சுண்டினார். கோயில் மணிபோல் இருந்தது.

அதற்கு மறுநாளோ என்னவோ புதிய மண்ணோடு லாரி வந்தது. அந்த லாரிக்காரர் பல ஆண்டுகளாக அங்கே மண் கொண்டுவருகிறவர். அவருடைய ஊர், அவர் மனைவியின் ஊர், மருமகனின் ஊர் எல்லாம் இவருக்குத் தெரியும். மண் எந்த ஊர் என்று மட்டும் கேட்டதில்லை. அன்று கேட்டார்.

"தும்பைக்குறிச்சி வெட்டும்மா" என்றார் லாரிக்காரர். "நான் இந்த வண்டிக்கு வந்ததுலேருந்து அங்கேருந்துதான் ஓட்டுறேன்."

"இலுப்பங்கொல்லை?"

"அதெல்லாம் எங்க தாத்தா காலத்துல வெட்டி முடிச்சதும்மா. குழிய மூடி, மேல மரம் வெச்சு, மரமே பெருசாயிடுச்சு. அந்த மண்ணு இனிமே எங்கேருந்து வரும்?"

இவர் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். பகலில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. லாரி மண்ணைக் கொட்டிவிட்டுப் போனது. ஸ்ரீமுஷ்ணம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டே தன் எதிரில் இருந்த மண்குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை யானைகள், அத்தனை மயில்கள், பண்ருட்டிக்கும் கும்பகோணத்துக்கும் போன அத்தனை அகல்விளக்குகள். எதுவும் இலுப்பங்கொல்லை இல்லை.

தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தார். சுட்டு எடுத்த ஹெல்மெட்டுகளைப் பெட்டியில் வைக்கவேண்டாம் என்றார். மறுபடி எல்லாவற்றையும் ஊற்றவேண்டும் என்றார்.

அவரிடம் எதிர்த்துப் பேசக்கூடியவர் பெண்ணாடம் ஒருவர்தான். "ஏம்மா, சுட்டு எடுத்தாச்சு. ஒண்ணு வெடிக்கல. அந்த சாரே போட்டுக்கன்னு சொல்லிட்டாரு. இனிமே யாரு வந்து பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டன்ல."

"மழையப் பாருங்க. நாளும் இல்ல. மறுபடி காயலன்னா?"

"காய வெய்யி."

"ஒங்க ஊரு பேரத்தான எழுதியிருக்குது. தப்பா என்னா எழுதிட்டோம்?"

இவர் குரலை உயர்த்தவில்லை. "இன்னொருத்தன் ஊரத் தோண்டி எடுத்து, அது மேல எங்க ஊரு பேர எழுதுறன். அப்ப நான் யாருடா பெண்ணாடம்?"

பெண்ணாடம் கூழ்க் குவளையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

புதிய முத்திரை செய்வதற்கு முன் அவருக்கு ஒரு வேலை இருந்தது. தும்பைக்குறிச்சிக்காரர்களைக் கேட்கவேண்டும் என்றார். பேரு அவங்களுது, கேக்காம எப்படிப் போடறது? அந்த ஊர்க்காரர்களுக்கு மாற்று மனை கொடுத்திருந்த காலனிக்கு என் பைக்கில் போனோம். மழை விட்டிருந்தது. ஒரே அளவு வீடுகள், ஒரே அளவு தெரு, முனையில் ஒரு சின்னக் கோயில். கோயில் வாசலில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் இவர் விவரத்தைச் சொன்னார். பெரியவர் கடைசிவரை கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஊரையே குடுத்துட்டோம். பேருக்கு வந்து கேக்குறீங்களா?"

"ஆமாங்க."

"எழுதுங்க, எழுதுங்க. வேற எங்க எழுதப் போறாங்க?"

நான் பைக்கைக் கிளப்பியபோது அவர் எழுந்து வந்தார். செய்து முடித்த பிறகு ஒன்று தங்களுக்கும் தரமுடியுமா, கோயிலில் சாமிக்குப் பக்கத்தில் வைப்போம் என்றார். மேல யாரு பேரு எழுதட்டும் என்று இவர் கேட்டார். மேலே ஒன்றும் வேண்டாம், அடியில் இருப்பது போதும் என்றார் பெரியவர்.

அடுத்து வந்த நாட்களில் அந்தக் கொட்டகையில் நான் கண்டது வேலை மட்டும்தான். பேச்சுக் குறைந்துபோனது. சின்னக் கருவேப்பிலங்குறிச்சியின் அக்காவும் தங்கையும்கூட வந்து ஹெல்மெட் திருப்பினார்கள். பக்கத்துக் கம்பெனிக்காரர் கேட்காமலே தன் மின்விசிறிகளைக் கொண்டுவந்து வைத்தார். இவர் சூளைச் சுவருக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு ஹெல்மெட்டையும் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். குளிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். சூளை பிரித்தபோது சிலவற்றில் விரிசல் விட்டிருந்தது. தேவைக்கு இருந்தது. காலனிக்கு ஒன்றைப் பெண்ணாடத்திடம் கொடுத்தனுப்பினார்.

இலுப்பங்கொல்லை என்று முத்திரை விழுந்த பழைய ஹெல்மெட்டுகளை அவர் உடைக்கவில்லை. சாணைக்கல்லில் அடியை மட்டும் தேய்த்தார். அவரே உட்கார்ந்து, ஒவ்வொன்றாக, வேறு யார் கையிலும் கொடுக்காமல் தேய்த்தார். வேலை செய்தவர்களுக்கு ஆளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. இதை எழுதும்போது அது என் மேசையில் காகிதங்கள் மேல் இருக்கிறது. அடியில் விரல் வைத்தால் ஒரு சின்னப் பள்ளம் தெரியும். சுத்தமான தேய்ப்பு. ஓர் எழுத்தின் கால்கூட மிச்சமில்லை.

அந்த முத்திரையை என்ன செய்தார் என்று கேட்டேன். எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். இனி மண் எந்த ஊரோ அந்த ஊர் முத்திரைதான் என்றார். பண்ருட்டிக்காரர் போனில் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன். "உண்மையச் சொல்லிட்டுப் போறேன். யானை அதே யானைதான?"

விழா சுரங்க ஊழியர்கள் குடியிருக்கும் நகரியத்து அரங்கில் நடந்தது. செய்தி எடுக்க நான் போயிருந்தேன். மேடையில் சால்வையும் மாலையுமாக வயதானவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் வடமாநிலங்களிலிருந்து வந்திருந்தார்கள். இரண்டு பேர் சக்கர நாற்காலியில். செயலாளர் ஒவ்வொருவரும் செய்ததைச் சொல்லி அழைத்தார். மிகையில்லாமல், கச்சிதமாகப் பேசினார். அவர்கள் இல்லாவிட்டால் இந்த விளக்கு எரியாது என்று மேலே காட்டினார். அரங்கில் இருந்தவர்கள், அவர்களில் பாதிப்பேர் அங்கே வேலை பார்த்தவர்கள், மனதாரக் கைதட்டினார்கள்.

இவர் பெட்டிகளை ஒப்படைக்க வந்தவர், பின்கதவருகே பெண்ணாடத்தோடு நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பரிசு ஒவ்வொன்றும் கைமாறும்போது அவர் கண் அதோடு போவதை நான் பார்த்தேன். யாரும் கவிழ்த்துப் பார்க்கவில்லை. வாங்கினார்கள், படத்துக்கு நின்றார்கள், மடியில் வைத்துக்கொண்டார்கள்.

ஒருவர் மட்டும் கவிழ்த்துப் பார்த்தார். உயரமான, கொஞ்சம் கூனிய மனிதர். கல்லூரி முடித்த கையோடு நில அளவைக் குழுவில் சேர்ந்து, கூடாரத்தில் தங்கி வேலை பார்த்து, பிறகு பெரிய பொறுப்புகளுக்குப் போனவர். நன்றி சொல்ல அவரைத்தான் அழைத்திருந்தார்கள். இயந்திரங்களைப் பற்றிப் பேசினார். தண்ணீர் பீறிட்டு வந்த நாளைப் பற்றிப் பேசினார். பிறகு கையிலிருந்த ஹெல்மெட்டைத் திருப்பி, மைக்கில் படித்தார்.

"தும்பைக்குறிச்சி."

செயலாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது எனக்குப் பிந்தி எடுத்த ஊர்" என்றார் பெரியவர். "நாங்கள் அளந்த ஊர்கள் வேறு." மறுகையின் விரல்களை மடக்கத் தொடங்கினார். "புலியங்காடு. மேலத்தோப்பு. கூரைக்குப்பம். நெட்டேரி." கட்டைவிரல் மட்டும் நீட்டியபடி நின்றது. "இன்னும் ஒன்று உண்டு. கூடாரம் போட்டதே அங்கேதான். பெயர் வரமாட்டேன் என்கிறது."

அரங்கு காத்திருந்தது. மேடையிலிருந்த மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. அவர் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இலுப்பங்கொல்லை."

பின்கதவிலிருந்து வந்தது குரல். உரக்கச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

பெரியவர் கட்டைவிரலை மடக்கினார். "இலுப்பங்கொல்லை" என்றார். கண்ணுக்கு மேல் கை வைத்து அரங்கின் பின்பக்கம் தேடினார். தலைகள் திரும்பின. இவர் நின்ற இடத்திலேயே நின்றார். மேடையில் அதுவரை எழுத்துத் தமிழில் பேசிக்கொண்டிருந்த மனிதர் சாதாரணமாகக் கேட்டார்.

"எந்த வூடும்மா நீங்க?"

வந்தவர் போனவர் எல்லாரையும் ஊர் கேட்டவர். ஊர்ப் பெயருக்கு மேல் அவரை ஒருவர் கேட்டு நான் பார்த்தது அன்றுதான். பெண்ணாடம் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்.

"கோயிலுக்குக் கெழக்கால. ரெட்டைப் பனை நின்ன வூடு."

பெரியவர் யோசித்தார். மைக்குக்கு முன்னால் அவர் கை காற்றில் ஒரு தெருவைப் போட்டது. கோயில் இங்கே, திருப்பம் இங்கே. "ஆமா" என்றார். "பின்னால கெணறு. தண்ணி உப்புக் கரிக்கும்."

"அது பக்கத்து வூட்டுக் கெணறுங்க" என்றார் இவர்.

அரங்கில் சிரிப்பு எழுந்தது. பெரியவரும் சிரித்தார். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து அவருடைய முழங்கையை மெல்லத் தொட்டார். பெரியவர் மைக்கை விடவில்லை.

"ஒங்க கெணத்துல?"

"நல்ல தண்ணிங்க" என்றார் இவர். "கேட்டிருந்தா குடுத்திருப்போம்."